கடல் வற்றும் நேரம், கையில் இரண்டு பிள்ளைகள்

அமாவாசை, பௌர்ணமி வந்தால் செய்திச் சேனல்களின் அடியில் ஓடும் ஒரு வரி எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் மனப்பாடம்: 'திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது, பக்தர்கள் அச்சம்.' அச்சப்படும் பக்தர் ஒருவரையும் அந்தப் படத்தில் பார்க்க முடியாது. பாசி படிந்த பாறைகள்மேல் ஏறி நின்று செல்ஃபி எடுக்கிற கூட்டம்தான் தெரியும். ஆனாலும் உடன்குடியிலிருந்து மாமியார் போன் வந்துவிடும். "பிள்ளைகளக் கூட்டிட்டுக் கடல் பக்கம் போயிராதீங்க, கேட்டியளா?" நாங்களோ, வற்றும் கடல் பாறைப் பள்ளங்களில் விட்டுப்போகும் குட்டைகளைப் பிள்ளைகளுக்குக் காட்ட, அதே அமாவாசைக்காகத்தான் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருப்போம்.

அத்தையின் பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, கடல் பின்னால் போகிறது என்றாலே இந்தக் கரையில் வயிறு கலங்கத்தான் செய்யும். அன்றைக்குத் தாய்லாந்தின் புக்கெட் தீவில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது இங்கிலாந்துச் சிறுமி, கடல் வழக்கத்துக்கு மாறாக நுரைத்துப் பொங்குவதைக் கவனித்தாள். இரண்டு வாரம் முன்பு புவியியல் வகுப்பில் சுனாமி பற்றிப் படித்தது நினைவுக்கு வர, பெற்றோரை விடாமல் நச்சரித்தாள். அந்தக் கடற்கரையே காலியாகி அத்தனை பேரும் பிழைத்தார்கள். அதனால் கடல் வற்றும்போது பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் நண்டு, சிப்பிக்கு முன்னால் சொல்லித்தர வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான். ஓதம் என்கிற அன்றாட ஏற்ற இறக்கத்தில் கடல் இறங்குவதற்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால் இறங்குவதே தெரியாது. சில நிமிஷத்தில் கடல் ஓடிப்போனாலோ, தரை ஆடினாலோ, வாளியையும் செருப்பையும் போட்டுவிட்டு மேட்டைப் பார்த்து ஓட வேண்டும். சுனாமி எப்போதும் கடலை உள்ளிழுத்துவிட்டுத்தான் வரும் என்றும் இல்லை. ஆறு வயதான பெரியவளுக்கு இதெல்லாம் புரிகிறது. மூன்று முடிந்த சின்னவனுக்கு 'அம்மா ஓடுன்னா ஓடணும்' என்பதோடு சரி.

இனி நேரக் கணக்கு. நம் கரையில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப்போகும். இன்று காலை ஏழு மணிக்கு வற்றினால் நாளை எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியும், அதற்கடுத்த ஓரிரு நாளும் அதிகம் வற்றும். சந்திரன் பாதியாக இருக்கும் நாட்களில் ஏற்றமும் குறைவு, வற்றலும் குறைவு. அஷ்டமி, நவமியில் நல்ல காரியம் செய்யக்கூடாது என்று ஆச்சி சொல்வதை மற்ற விஷயங்களில் நீங்கள் எப்படி எடுத்துக்கொள்வீர்களோ தெரியாது, பாறைக் குட்டை பார்க்க மட்டும் அந்த நாட்களில் போகாதீர்கள். பிள்ளைகளிடம் பெரிதாகச் சொல்லிக் கூட்டிப்போவோம், அங்கே பாறையே வெளியே தெரியாது.

இன்னொரு வசதியும் உண்டு. ஒரே ஊரில் ஒரு அமாவாசையன்று கடல் எத்தனை மணிக்கு வற்றுகிறதோ, அடுத்த பௌர்ணமியிலும் அதற்கடுத்த அமாவாசையிலும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான் வற்றும். ஒரு தடவை குறித்துவைத்துக்கொண்டால் தினசரிக் காலண்டரே பாதி வேலையைச் செய்துவிடும். துல்லியமாக வேண்டுமென்றால் ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் துறைமுக வாரியாக ஓத நேரங்களை வெளியிடுகிறது. எங்கள் பக்கத்துக்குத் தூத்துக்குடிக் கணக்கு போதும். அதே தளத்தில் இன்னொன்றையும் பார்க்காமல் நாங்கள் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை: கள்ளக்கடல் எச்சரிக்கை. தெற்கே வெகு தூரத்தில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ அடித்த புயலின் அலை இங்கே வந்து சேர்வதுதான் கள்ளக்கடல். இங்கே காற்றே இருக்காது, வானம் வெளுத்துக் கிடக்கும், அலை மட்டும் திடீரென்று ஏறும். ஏப்ரல், மே மாதங்களில் இது அதிகம். அதாவது பள்ளி விடுமுறையில். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் இறந்தது அப்படிப்பட்ட ஒரு எச்சரிக்கை அமலில் இருந்த நாளில்தான். கடல் வற்றும் நேரம் என்றாலும் எச்சரிக்கை இருந்தால் நாங்கள் போவதில்லை, பிள்ளைகள் எவ்வளவு அழுதாலும்.

காலம் என்று பார்த்தால் தையிலிருந்து பங்குனி வரை. மன்னார் வளைகுடாப் பக்கம் அப்போது கடல் அடங்கிக் கிடக்கும், தண்ணீரும் தெளிவாக இருக்கும். ஆனி, ஆடியில் இந்தக் கரையில் அடிக்கிற காற்றில் மணல் முகத்தில் அறையும். குட்டைத் தண்ணீரெல்லாம் சிலிர்த்துக்கொண்டே இருப்பதால் உள்ளே ஒன்றும் பார்க்க முடியாது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் பார்ப்பதுபோல் கடல் கிலோமீட்டர் கணக்கில் விலகிப்போவதை நம் ஊரில் எதிர்பார்க்காதீர்கள். குஜராத்தின் காம்பத் வளைகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றலுக்கும் இடையே 10 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வருவதுண்டு. ஜாம்நகர் பக்கம் நராராவில் பவளப்பாறைத் திட்டின்மேல் வழிகாட்டியோடு நடந்தே போகலாம். நம் தெற்குக் கரையில் எல்லாம் சேர்த்து ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் தட்டையான பாறையாக இருந்தால், முழங்கால் உயரம் தண்ணீர் இறங்கினாலே ஒரு வீட்டு முற்றம் அளவுக்கு இடம் வெளியே வந்துவிடும். மூன்று வயதுப் பையனுக்கு அதற்கு மேல் எதற்கு?

நாங்கள் திருச்செந்தூருக்குப் போவதில்லை. கூட்டம் ஒரு காரணம். அங்குள்ள பாறைகளில் பச்சைப் பாசி வழுக்கும் என்பது அடுத்த காரணம். இடுக்குகளில் கடல் முள்ளெலி வேறு. நீளமான கறுப்பு முட்கள் காலில் ஏறினால் ஒடிந்து உள்ளேயே நின்றுவிடும். அங்கிருந்து தெற்கே பதினெட்டுக் கிலோமீட்டர் போல் போனால் மணப்பாடு. மேட்டின்மேல் திருச்சிலுவைக் கோயில், அதன் கீழே 1542இல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை, அதற்கும் கீழே அலை அரித்த பாறைத் தட்டு. மறுபக்கம் நீண்ட மணல் திட்டும் அதற்குள் அமைதியான காயலும். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இந்த அமைப்பு ஒரு வரம். பாறைப் பக்கம் அலை கொஞ்சம் பலமாக இருந்தால் பேசாமல் காயல் பக்கம் போய்விடலாம், நாள் வீணாகாது. நீங்கள் எந்த ஊராக இருந்தாலும் இப்படி இரண்டாவது வழி உள்ள இடமாகப் பாருங்கள்.

முதன்முதலில் அங்கே போனபோது வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து, "கடலுக்கு முதுகு காட்டாதீங்கம்மா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதை நாங்கள் வேலைப் பங்கீடாகவே ஆக்கிக்கொண்டோம். ஒருவர் பிள்ளைகளோடு குந்தியிருப்பது, இன்னொருவர் நின்றுகொண்டு கடலையே பார்ப்பது. நிற்கிறவர் கையில் செல்போன் இருக்கக்கூடாது. அரை மணிக்கு ஒரு தடவை மாற்றிக்கொள்வோம், இல்லாவிட்டால் நிற்கிறவருக்குக் கடுப்பாகிவிடும். பெரியவர் ஒருவர் மட்டும் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு போவதானால் பாறைப் பக்கமே வேண்டாம். மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடல் முழுக்க வற்றும் நேரத்துக்கு ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது. தண்ணீர் இறங்க இறங்க நாமும் மெதுவாக அதன் பின்னால் இறங்கலாம். பிள்ளைகளின் பொறுமை தீர்வதும் கடல் திரும்புவதும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நடக்கும். கிளம்பும் நேரத்து அழுகைக்கு எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு. போனவுடன் ஈரம் படாத உச்சியுள்ள ஒரு பாறையைப் பிள்ளைகளே தேர்ந்தெடுப்பார்கள். அதுதான் அன்றைய காவல்காரன். காவல்காரன் தலையில் அலைத்தண்ணீர் பட்டால் எல்லாரும் வெளியே. அம்மா 'போதும் வா' என்றால் தரையில் உருளும் சின்னவன், காவல்காரன் நனைந்துவிட்டான் என்று தானே கத்திக்கொண்டு முதல் ஆளாகக் கரைக்கு ஓடுகிறான். அவனோடு கடல் பேசினால் கேட்கிறான், நான் பேசினால் கேட்பதில்லை.

சரி, இறங்கியாகிவிட்டது. பெரியவர்கள் வழக்கமாக என்ன செய்வோம்? இந்தக் குட்டையில் ஒன்றும் இல்லை, அடுத்ததைப் பார்ப்போம் என்று நடந்துகொண்டே இருப்போம். சின்னப் பிள்ளைகளோடு போகும்போது இதைத்தான் முதலில் விட வேண்டும். நடக்க நடக்க வழுக்கி விழும் ஆபத்துதான் கூடுமே தவிர, பார்ப்பது கூடாது. கிணற்றுவாளி அளவுக் குட்டை ஒன்று போதும். நம் நிழல் தண்ணீரில் விழாத பக்கமாகக் குந்த வேண்டும். நிழல் விழுந்தால் கொக்கு வந்துவிட்டது என்று எல்லாம் ஒளிந்துகொள்ளும். முதல் ஐந்து நிமிஷம் வெறும் கல்லும் மணலும்தான். அப்புறம் ஒரு கல் நகரும். பார்த்தால் சங்குக்குள் துறவி நண்டு. மணல் என்று நினைத்த இடத்தில் கண் இரண்டு முளைத்திருக்கும், விரல் நீளக் குட்டை மீன். உயரம் குறைவு என்பதாலோ என்னவோ, எங்கள் வீட்டில் இதையெல்லாம் முதலில் கண்டுபிடிப்பது சின்னவன்தான். எதைப் பார்த்தாலும் 'நண்டு' என்பான். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும்.

அந்தக் குட்டை மீன்களின் உறவுக்கார இனம் ஒன்று அட்லாண்டிக் கரையில் இருக்கிறது. அதை லெஸ்டர் அரான்சன் என்ற விஞ்ஞானி சோதித்து 1951இல் எழுதினார். கடல் ஏறியிருக்கும்போது அந்த மீன் பாறைகள்மேல் நீந்தி எங்கெங்கே பள்ளம் என்று மனதில் வைத்துக்கொள்கிறது. வற்றிய பிறகு ஆபத்து வந்தால், கண்ணுக்குத் தெரியாத பக்கத்துக் குட்டைக்குக் குறி தவறாமல் தாவிவிடுகிறது. பெரியவளிடம் இதைச் சொன்னதிலிருந்து, அடுத்த குட்டை எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு காட்டும் விளையாட்டு நடக்கிறது. மீன்தான் ஜெயிக்கும்.

பாறையில் ஒட்டியிருக்கும் கூம்புத் தொப்பி வடிவ நத்தைகளைப் பார்த்திருப்பீர்கள். அசையாத பொருள் என்றுதான் தோன்றும். ஆனால் தண்ணீர் மேலே இருக்கும்போது அவை பாறையில் ஊர்ந்து பாசியைச் சுரண்டித் தின்கின்றன. பல வகைகள் வற்றுவதற்குள் தங்கள் சொந்த இடத்துக்கே திரும்பி, ஓட்டின் விளிம்பு கச்சிதமாகப் பொருந்தும்படி உட்கார்ந்துகொள்ளும். பெரியவள் ஒன்றுக்குப் பக்கத்தில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தாள். மறுநாள் கோடு கரைந்து போயிருந்தது. நத்தை அங்கேதான் இருந்தது, அது அதே நத்தைதானா என்பதில் மட்டும் வீட்டில் இன்னும் வழக்கு முடியவில்லை. இவற்றை நெம்பி எடுக்க விடாதீர்கள். தசை கிழிந்தால் மறுபடி ஒட்டாது, நண்டுக்கு இரையாகிவிடும்.

கொட்டலசு இன்னும் வேடிக்கை. வெளியே காய்ந்து கிடக்கும்போது காலைக் கீறும் வெள்ளைச் சுண்ணாம்பு மொட்டு, அவ்வளவுதான். தண்ணீருக்குள் இருப்பதைப் பொறுமையாகப் பார்த்தால் மேல் கதவு திறந்து, மயிலிறகுக் கற்றை ஒன்று வெளியே வந்து எதையோ வாரி உள்ளே போகும். அந்தக் கற்றைதான் அதன் கால்கள். தலை கீழே பாறையில் ஒட்டியிருக்க, காலால் சாப்பாட்டை அள்ளிக்கொள்கிறது. நண்டு, இறாலுக்குச் சொந்தம். அன்று இரவு காலால் தோசை சாப்பிட முயற்சி நடந்ததைப் பற்றி நான் விரிவாகச் சொல்ல விரும்பவில்லை.

தொடுவது பற்றி எங்கள் வீட்டுச் சட்டம் இது: ஒரு விரல், ஈர விரல், அம்மா அல்லது அப்பா சரி என்ற பிறகு. முகத்துக்குப் போடும் கிரீம், தேங்காய் எண்ணெய் எதுவும் விரலில் இருக்கக்கூடாது, முதலில் கடல் நீரில் கழுவ வேண்டும். பொந்துக்குள் விரல் விடவே கூடாது. பாறையில் ஒட்டிக்கொண்டு பூப்போல் விரிந்திருக்கும் உயிரான கடல் சாமந்தியைத் தொட்டால் விரல் பசைபோல் ஒட்டும். உண்மையில் அது கொட்டுகிறது, நம் விரல் தோல் தடிமன் என்பதால் உறைப்பதில்லை. அதே விரலால் பிள்ளை கண்ணைக் கசக்கினால் கதை வேறு. ஆகவே அதைப் பார்ப்பதோடு சரி. உயிருள்ள கூம்புச் சங்கு, அதாவது ஐஸ்கிரீம் கோன் வடிவத்தில் அழகழகான கோலத்தோடு இருப்பது, யாருமே தொடக்கூடாதது. அதன் விஷ ஊசியால் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். காலியா, உள்ளே ஆள் இருக்கிறதா என்று சோதிக்கவும் எடுக்காதீர்கள்.

கல்லைப் புரட்டிப் பார்ப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. புரட்டினால் கல்லின் மறுபக்கத்தை நம்மை நோக்கித் தூக்க வேண்டும். உள்ளே இருப்பது எதிர்ப்பக்கமாக ஓடித் தப்பும், நம் கால்மேல் ஏறாது. முக்கியமாக, பார்த்த பிறகு இருந்தபடியே திருப்பி வைக்க வேண்டும். இருட்டிலும் ஈரத்திலும் வாழும் உயிர்கள் கல்லின் அடியில் ஒட்டியிருக்கும். வெயில் பக்கமாகக் கிடந்தால் ஒரு பகலில் கருகிவிடும். 'வீட்டுக்கூரையைப் பிரிச்சோம்னா திருப்பி வைக்கணும்ல?' என்று கேட்டால் மூன்று வயதுக்கும் புரிகிறது.

வாளிக்குப் பதிலாக நாங்கள் எடுத்துப்போவது வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா. கடல் நீரோடு சின்ன இறால் குஞ்சையோ துறவி நண்டையோ அதில் விட்டால் வெள்ளைப் பின்னணியில் கால், மீசையெல்லாம் தெளிவாகத் தெரியும். ஐந்து நிமிஷம்தான், அதற்குள் தண்ணீர் சூடேறும். எடுத்த குட்டையிலேயே விட்டுவிடுவோம். ஒரு நேரத்தில் ஒரு உயிர். இரண்டைப் போட்டால் ஒன்று மற்றதைத் தின்னப் பார்க்கும். அதுவும் ஒரு பாடம்தான், ஆனால் அழுகையில் முடியும்.

ஆபத்து என்று கேட்கிறவர்கள் திருக்கை, சொறி (ஜெல்லி மீன்), விஷ மீன் என்று தொடங்குவார்கள். எங்கள் அனுபவத்தில் நம் கரைகளில் முதலில் பயப்பட வேண்டியது உடைந்த பீர் பாட்டிலுக்கும் தூண்டில் முள்ளுக்கும். ஆகவே குதிகால் மூடிய, கட்டி மாட்டும் பழைய ஷூ. ரப்பர் செருப்பு பாறையில் வழுக்கும், அலையில் மிதந்து போய்விடும், அதை எடுக்கப் பிள்ளை பின்னால் ஓடும். காயல் பக்கம் ஆழமில்லாத சேற்று மணலில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்கச் சொல்லுங்கள். புதைந்திருக்கும் திருக்கை அந்த அதிர்வில் விலகிவிடும், அதன்மேல் மிதித்தால்தான் வாலால் அடிக்கும். கரையில் ஒதுங்கிய சொறி செத்திருந்தாலும் கொட்டும். கொட்டிவிட்டால் மணலால் தேய்ப்பதும் நல்ல தண்ணீர் ஊற்றுவதும் வலியைக் கூட்டும். கடல் நீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளை வெறுங்கையால் தொடாமல் எடுத்துவிட்டு, மூச்சுத் திணறலோ வீக்கமோ தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி. முள்ளெலி முள் ஏறினால் தாங்கக்கூடிய வெந்நீரில் காலை வைத்திருப்பது வலியைக் குறைக்கும். ஆழமாகப் போயிருந்தால் வீட்டில் குடையாமல் டாக்டரிடம் போங்கள்.

வெயில் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது, ஒன்பதரைக்கு மேல் வற்றும் நாளாக இருந்தால் நாங்கள் அந்த நாளை விட்டுவிடுவோம். தொப்பி, முழுக்கைச் சட்டை, தண்ணீர், உப்புப் போட்ட மோர், மாற்றுத் துணி, கால் கழுவ ஒரு கேன் நல்ல தண்ணீர், அவ்வளவுதான்.

மணல் பக்கத்தில் வேறு உலகம். கரையோரச் சிப்பிகளில் சிலவற்றில் தச்சர் துளை போட்டதுபோல் வட்டமான ஒரு ஓட்டை இருக்கும். நூலில் கோக்கச் சௌகரியம் என்று பிள்ளைகள் தேடித் தேடிப் பொறுக்குவார்கள். அது நிலா நத்தை செய்த கொலை. மணலுக்குள் சிப்பியைக் கட்டிப்பிடித்து, அமிலத்தால் சிப்பி ஓடு இளகும்படி செய்து, அரம் போன்ற நாக்கால் சுரண்டித் துளையிட்டு, உள்ளிருக்கும் சதையை உறிஞ்சிவிடும். பெரியவள் இதைக் கேட்டபின் சிப்பி மாலை போடுவதை நிறுத்தவில்லை, 'கொலை மாலை' என்று பெயர் மட்டும் வைத்துக்கொண்டாள். வெள்ளையாக, எடையே இல்லாமல் ஒதுங்கிக் கிடக்கும் ஓடு கணவாயின் முதுகு ஓடு. நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் அதைத்தான் எடுத்துத் தருவார்கள். விரல் நகத்தால் அதில் படம் கீறலாம் என்பது எங்கள் வீட்டுக் கண்டுபிடிப்பு, காகிதமும் பென்சிலும் கொண்டுபோகும் செலவு மிச்சம்.

எதை எடுத்துவரலாம் என்பதில் சட்டமும் இருக்கிறது. பவளம், கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. கரையில் செத்து ஒதுங்கிய பவளத் துண்டையும் பையில் போட வேண்டாம். தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரையுள்ள 21 தீவுகள் 1986இலிருந்து தேசியப் பூங்கா. யாராவது படகில் கூட்டிப்போகிறேன் என்றால், அது வனத்துறை அனுமதித்த பயணம்தானா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

சென்னையில் இருக்கும் என் தங்கை, இதெல்லாம் உங்களுக்குத்தான் என்று அலுத்துக்கொள்வாள். மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் பாறைக் குட்டை கிடையாதுதான். கரை சரிவு அதிகம், இழுப்பும் மோசம், பிள்ளையைக் கால் நனைக்க விடுவதற்கே கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் கடல் வற்றிய காலையில் ஈர மணலுக்கு மேலே, அலை எட்டாத இடத்தில் உட்கார்ந்தால் போதும். வளை தோண்டி மணலைக் கைநிறைய வெளியே எறியும் பேய் நண்டுகள் பத்து நிமிஷம் அசையாமல் இருந்தால் வந்துவிடும். அலை வடியும் கோட்டில் ஒரு கைப்பிடி மணலை அள்ளினால், பின்பக்கமாகவே குடைந்து உள்ளே ஓடும் முட்டை வடிவப் பூச்சி நண்டு உள்ளங்கையைக் கூச வைக்கும். கடிக்காது. தங்கை மகள் இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு அவளை எழுப்பிவிடுகிறாள், அதற்குத் தங்கை என்னைத் திட்டுகிறாள்.

சிப்பிக்கு எங்கள் வீட்டில் அளவு ஆளுக்கு ஒரு கை. கிளம்புவதற்கு முன் பொறுக்கியதையெல்லாம் நிழலில் ஈர மணல்மேல் வரிசையாகப் பரப்பிவிட்டு, கால் கழுவி, மோர் குடித்து, துணி மாற்றுவோம். அதற்கு ஒரு கால் மணி நேரம் ஆகும். அதற்குள் உள்ளே ஆள் இருக்கும் சங்குகள் தாமாகவே எழுந்து நடக்கத் தொடங்கிவிடும். அவற்றைத் தண்ணீர் ஓரம் கொண்டுபோய் விடுவது சின்னவன் பொறுப்பு. மீதியை மட்டும் பையில் போட்டுக்கொண்டு உடன்குடிக்குப் போனால், அத்தை முதலில் திட்டுவார்கள், அப்புறம் கருப்பட்டிக் காப்பி போடுவார்கள், அதற்கும் அப்புறம் பையைக் கவிழ்த்துத் தனக்கு ஒன்று எடுத்துக்கொள்வார்கள்.